சிலிண்டருக்குத் தனி அறை

"பேட்டரி எங்கேம்மா?"

"டிரைவர் சீட்டுக்கு அடியில, சார். சிலிண்டரை விட்டுத் தள்ளி வச்சு, பெல்ட் போட்டு இறுக்கியாச்சு."

அதிகாரி குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். அவள் வேனின் மேல் சாய்ந்து நின்றாள். கால் கடுத்தது. இது நான்காவது சோதனை. பழைய வேன் ஒன்றை வாங்கி, கட்டில், அடுப்பு, குளிருக்கு ஹீட்டர் எல்லாம் பொருத்தி அதை ஒரு குட்டி வீடாக்கியிருந்தாள். இந்த மனிதர் பாதுகாப்புச் சோதனை முடித்து அனுமதி சீல் ஒட்டினால்தான் அது சாலையில் இறங்க முடியும்.

முதல் தடவை சிலிண்டரும் பேட்டரியும் ஒரே பெட்டிக்குள் இருந்தன. "ஒரு பொறி போதும்மா, வேனும் நீங்களும் சேர்ந்தே மேல போயிடலாம்" என்று திருப்பி அனுப்பினார். சிலிண்டருக்குத் தனி அறை கட்டி எடுத்து வந்தால், கசிந்த காஸ் வெளியேற அடியில் ஓட்டை இல்லை என்றார். மூன்றாம் தடவை, ஹீட்டரின் புகைக்குழாய் ஜன்னலுக்கு நேர் கீழே இருந்தது. "இந்தப் புகைக்கு வாசனையே கிடையாது. தூக்கத்துலயே கதை முடிஞ்சிடும்."

பட்டறைக்கு நடையாய் நடந்து செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். மனிதர் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை என்பதில்தான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

"எத்தனை பேர் போறீங்க?" படிவத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

"நான் மட்டும்தான்."

பேனா நின்றது. "எத்தனை நாளைக்கு?"

"ஒரு மாசம். அதுவும் படிவத்துல இருக்கா, சார்?"

"இல்ல." லேசாக இருமினார். "தனியா போக பயமா இல்லையா?"

"முப்பது வருஷமா விடியறதுக்கு முன்னாடி எழுந்து ஒரு வீட்டுக்கு உழைச்சுக் கொட்டிட்டேன், சார். அலுத்துப் போச்சு. ஒரு மாசமாவது யாரும் என்னை எதுக்கும் கூப்பிடாத இடத்துல படுத்துத் தூங்கணும். இந்த வருஷம் விட்டா இனிமே கிளம்பவே மாட்டேன்."

அதிகாரி வேனுக்குள் ஏறினார். அண்ணாந்து பார்த்தவரின் முகம் சுருங்கியது.

"காஸ் அலாரத்தை யாரு கூரையில மாட்டினது? இந்த காஸ் காத்தைவிடக் கனம்மா. கசிஞ்சா தரையிலதான் தேங்கும். மேல இருக்கிற அலாரம் கத்துறதுக்குள்ள நீங்க..." வாக்கியத்தை முடிக்காமல் நிறுத்தினார்.

"அப்போ இன்னிக்கும் கிடையாதா?" அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "ஆபீஸ் மூட இன்னும் இருபது நிமிஷம் இருக்கு."

அவள் ஸ்க்ரூடிரைவரைத் தேடி எடுத்தாள். அலாரத்தைக் கழற்றி, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பொருத்தினாள். அதிகாரி டார்ச் பிடித்தார். உருண்டோடிய ஸ்க்ரூவை அவரே மண்டியிட்டு எடுத்துக் கொடுத்தார். பொத்தானை அழுத்தினாள். காது கிழியக் கத்தியது.

"என் சீல் வாங்கிட்டுப் போன வண்டி ஒண்ணுகூட இதுவரைக்கும் தீப்பிடிச்சதில்ல. அதுக்குத்தான் இவ்வளவு பாடும்" என்றபடி கதவில் சீலை ஒட்டிக் கையெழுத்துப் போட்டார்.

"ரொம்ப தேங்க்ஸ், சார்."

"மணி அஞ்சாச்சு. ஆபீஸ் நேரம் முடிஞ்சுது, இன்னும் என்ன சார்?" என்றார் டார்ச்சை அணைத்த அதிகாரி, முப்பது வருஷமாக அவள் கணவர், களைத்த குரலில். "நல்லபடியா போயிட்டு வா. கிளம்புறதுக்கு முன்னாடி, நம்ம வீட்டு காஸ் அடுப்பை எப்படிப் பத்த வைக்கிறதுன்னு மட்டும் எனக்கு ஒரு தடவை காட்டிட்டுப் போ."