பொம்மை கேமரா

"அண்ணனோட கேமராவை எடுத்துக் குடுங்கப்பா."

காக்கிச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த அப்பாவின் கை பாதியில் நின்றது. சமையலறையில் டப்பாவில் சாப்பாடு அடைத்துக்கொண்டிருந்த அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள்.

"அதை மட்டும் கேக்காதேன்னு எத்தனை தடவைடி சொல்லியிருக்கேன்? வேலைக்குப் போற முதல் நாள். வாயை மூடிட்டுக் கிளம்பு."

"நாலு வருஷமா மூடிட்டுத்தாம்மா இருந்தேன். தாடை வலிக்குது."

அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். அதனால் அவள் எதைக் கேட்டாலும் அதற்குப் பெயர் படித்த திமிர். அப்பா அவளுக்கு வைத்திருந்த பெயர் வக்கீலம்மா.

"அது உடைஞ்சு கிடக்கு வக்கீலம்மா. உனக்கு எதுக்கு?"

"சரி பண்றதுக்கு."

அப்பா அவள் முகத்தைப் பார்த்தார். வேறு வழியில்லை என்று தெரிந்ததும் ஸ்டூல் போட்டு ஏறி, பரணிலிருந்து ஒரு பையை இறக்கினார். அண்ணனின் செருப்பு, சாப்பாட்டு டப்பா, அவற்றுக்கு அடியில் கேமரா.

கேமரா என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. உடம்பெல்லாம் பிளாஸ்டிக். லென்ஸ்கூடப் பிளாஸ்டிக்தான். கையில் எடுத்தால் காலி தீப்பெட்டி மாதிரி இருக்கும்.

ரப்பர் தொழிற்சாலையில் அண்ணன், ரப்பரை நசுக்கும் ரோலர் இயந்திரம் ஓட்டினான். கை உள்ளே போகாமல் தடுக்கிற இரும்பு வலையைக் கழற்றிவிட்டுத்தான் அங்கே ஓட்டச் சொல்வார்கள். அப்போதுதான் வேலை வேகமாக நடக்கும். அதைப் படம் எடுத்து வெளியே காட்ட நினைத்தான் அவன். கேட்டிலேயே போனைப் பிடுங்கி வைத்துவிடுவார்கள். அதனால் சாப்பாட்டு டப்பாவுக்குள் இதைக் கொண்டுபோனான். "மாட்டினாலும் தங்கச்சியோட பொம்மைன்னு சொல்லிடுவேன்" என்று சிரித்தான். "பத்தொன்பது எடுத்தாச்சு. இன்னும் அஞ்சுதான்."

மறுநாள் ரோலர் அவன் சட்டைக்கையைக் கவ்வி இழுத்துக்கொண்டது. வலையைக் கழற்றியதே அவன்தான் என்று எழுதி விஷயத்தை முடித்துவிட்டார்கள்.

அவள் மேசையில் செய்தித்தாளை விரித்து, சின்ன ஸ்க்ரூ டிரைவரால் முன்பக்கத்து இரண்டு திருகாணிகளைக் கழற்றினாள். தயக்கமே இல்லை. இதே மாதிரி மூன்று பழைய கேமராக்களை வாங்கிப் பிரித்துப் பிரித்துப் பழகியிருந்தாள்.

"கடையில குடுத்துப் பாக்கலாமே" என்றார் அப்பா.

"இந்தச் சாமானை எவன் கையால தொடுவான்?"

"வெளிச்சம் பட்டா உள்ள இருக்கறது கெட்டுப்போயிடும்மா."

"முன்பக்கத்தைத்தானே திறந்திருக்கேன்."

லென்ஸுக்குப் பின்னால் நகத்தளவு தகடு. அதை இழுக்கிற ஸ்பிரிங் தலைமுடி கனம்கூட இல்லை. கொக்கியிலிருந்து நழுவித் தொங்கியது. புருவம் திருத்தும் இடுக்கியால் அதைப் பிடித்தாள். நழுவியது. மறுபடி பிடித்தாள். மூச்சை அடக்கிக்கொண்டு மூன்றாவது தடவை மாட்டினாள்.

பட்டனை அழுத்தினாள். 'டிக்'.

ஏழேகால் ஆகியிருந்தது. அப்பா இன்னும் கிளம்பவில்லை. விசில் கயிற்றை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக நின்றார்.

"பின்மூடியைத் திறக்காதே."

"ஏன்?"

"சொன்னா கேளேன்!"

"ஏம்ப்பா?"

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அதுல ஃபிலிம் இல்ல."

அம்மாவின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. அவளுக்கும் இது புதுச் செய்தி.

"துக்கம் விசாரிக்க மேனேஜர் வந்தாரு. பையன் ஏதாவது படம் எடுத்தானான்னு கேட்டாரு. நான் எடுத்துக் குடுத்துட்டேன். உனக்கு அவங்க காலேஜ்ல இடம். என்னை ரோலர்ல இருந்து கேட்டுக்கு வாட்ச்மேனா மாத்தினாங்க. போனவன் போயிட்டான், உன்னையாவது கரையேத்தணும்னு..."

"பகல்லயா எடுத்தீங்க?"

"ஆமா. இந்த ஜன்னல்கிட்ட நின்னுதான் உருவினேன்."

"அப்ப உருவும்போதே அத்தனையும் அழிஞ்சிருக்கும். வெறும் சுருளைக் குடுத்துட்டு உங்களுக்கு ஒரு நாற்காலி, எனக்கு ஒரு டிகிரி. அண்ணனுக்கு மட்டும் கெட்ட பேரு."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "திட்டு. நல்லாத் திட்டு."

"திட்டறதுக்கு நேரமில்ல. கையில வாங்கினதுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. எத்தனை படம் எடுத்தாச்சுன்னு காட்டற எண் பத்தொன்பதுல நிக்கணும், ஆரம்பத்துக்கே திரும்பி நிக்குது. பின்மூடியைத் திறந்தாத்தான் அப்படி ஆகும்."

"தெரிஞ்சுமா உக்காந்து சரி பண்ணினே? எதுக்கு?"

அவள் கைப்பையிலிருந்து புது ஃபிலிம் சுருள் ஒன்றை எடுத்தாள். உள்ளே மாட்டி, மூடியை அழுத்தி, விளிம்பைச் சுற்றிக் கறுப்பு டேப் ஒட்டினாள். அம்மா கட்டி வைத்திருந்த டப்பாவின் அடித்தட்டைக் காலி செய்து, அதில் கேமராவை வைத்து மூடினாள். பிறகு புது அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

அதில் அச்சடித்திருந்த கம்பெனிப் பெயரை அப்பா படித்தார். அவருடைய காக்கிச் சட்டைப் பையின்மேல் தைத்திருந்த அதே பெயர்.

"சீக்கிரம் கிளம்புங்கப்பா" என்றாள், செருப்பை மாட்டிக்கொண்டே. "எட்டு மணிக்கு நான் கேட்டுக்கு வருவேன். என் டப்பாவைத் திறந்து பாக்க வேண்டியது நீங்கதானே?"

திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினாள்.