வெர்ஷன் ஆறு

கன்னடத்தில் இருக்கும் பஹணி என்ற நில உரிமைப் பதிவைத் தமிழில் காட்டும் இலவச மென்பொருள், மைசூரில் உட்கார்ந்து நான் தனியாக எழுதியது. கௌதள்ளி கிராமத்தில் அதைப் பயன்படுத்தும் மகேந்திரன் போனில் கூப்பிட்டார்.

"ஸ்ரீகண்டன் சார், ஆன்டிவைரஸ் அதை மறுபடியும் தூக்கிருச்சுங்க."

"அழிச்சிருக்காது, குவாரண்டைன்ல ஒதுக்கி வெச்சிருக்கும். ரீஸ்டோர் குடுத்து, எக்செப்ஷன்ல சேத்துடுங்க. வழக்கமா வர்றதுதான்."

"வந்துருச்சுங்க. வெர்ஷன் ஆறுன்னு காட்டுது. இதுல எங்க சர்வே நம்பரும் சரியா வருதுங்க!"

நான் எழுதியது வெர்ஷன் நாலு வரைக்கும்தான். சர்வே நம்பர் பிழை இரண்டு வருடமாக என்னிடம் சிக்கவே இல்லை.

"நீங்க எழுதுனதுதானுங்க?"

"பின்னே யாரு?" என்றேன்.

ஃபோல்டரை அனுப்பச் சொல்லித் திறந்தேன். எழுதியவர்: ஸ்ரீகண்டன். தேதி: அடுத்த மாதம் பதினேழு. நிரலை வரிவரியாகப் படித்தேன்.

அழகாகத்தான் எழுதியிருக்கிறேன்.