சொல்ல விடாத சர்வர்

“ரெஜிஸ், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்” என்று சில்வியான் ஆரம்பித்ததுதான் தாமதம், சர்வர் வந்து நின்றார்.

“மதாம், உங்க கீர் பானம்! காசிஸ் பழ மது எங்க முதலாளியோட தங்கச்சி வீட்டுலயே போட்டது. மேல ஊத்தினது பக்கத்துத் தோட்டத்து வெள்ளை ஒயின். முதல் மடக்கை உடனே முழுங்கிடாதீங்க, கொஞ்ச நேரம் நாக்குலயே நிக்கட்டும்.”

அவர் நகராமல் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் அவளும் நாக்கில் நிறுத்தினாள். பிறகு மதுவோடு சேர்த்துச் சொல்ல வந்ததையும் விழுங்கினாள்.

திஜோன் நகரத்துச் சந்தைக்குப் பின்னால் இருந்தது அந்த உணவகம். ஜூன் மாதத்து வெயில் சாயங்காலமாகியும் கண்ணாடிக் கோப்பைகளில் மின்னிக்கொண்டிருந்தது. ‘சனிக்கிழமை வெளியில சாப்பிடலாமா?’ என்று ரெஜிஸ் கேட்டதும் அவள் உடனே சரி என்றிருந்தாள். நாலு பேர் இருக்கும் இடத்தில் சொல்லிவிட்டால் கத்தலும் இருக்காது, அழுகையும் இருக்காது.

பெசான்சோன் ஊரில் அவள் பிடித்திருந்த ஒற்றை அறை வீட்டின் சாவி கைப்பையில் கிடந்தது. திங்கட்கிழமை அங்கே புது வேலை. ரயில்வேயில் சிக்னல் வேலை பார்க்கும் இந்த மனுஷனோடு இருபத்து நாலு வருஷம் ஓடிவிட்டது. சுவரிடம் பேசினால் எதிரொலியாவது வரும். இவனிடம் அதுவும் கிடையாது. அவள் மனசில் என்ன ஓடுகிறது என்று ஒரு நாளாவது அவன் ஊகித்ததாக அவளுக்கு நினைவில்லை.

இன்றைக்கு மட்டும் என்ன வந்ததோ, அவளுக்கு முன்பே வந்து, மதுமேடைப் பக்கம் சர்வரோடு தலையோடு தலை வைத்துக் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தான். தட்டில் எதைப் போட்டாலும் பேசாமல் தின்கிறவனுக்கு இன்று ருசி விசாரணையா என்று நினைத்துக்கொண்டாள்.

“ரெஜிஸ், இந்தப் பொழப்பு இனிமே…”

“மதாம், நத்தை! தட்டு கொதிக்குது, கைய வச்சிடாதீங்க. ஓட்டை இந்த இடுக்கியால இப்படிப் பிடிக்கணும்…”

“நான் இந்த ஊர்லயே பொறந்தவ! பல்லு முளைச்ச நாள்லேர்ந்து நத்தை சாப்பிடுறேன்.”

“அப்ப உங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்” என்றவர், பூண்டு வெண்ணெயை எப்படி அரைக்கிறார்கள் என்பது வரை சொல்லிவிட்டுத்தான் போனார்.

அடுத்து சிவப்பு ஒயினில் வேகவைத்த முட்டை வந்தது. அதற்குள் அவள் பாதி வாக்கியம் வரை எட்டியிருந்தாள்.

“நான் திங்கக்கிழமை…”

“திங்கக்கிழமை எங்களுக்கு லீவு மதாம்! செவ்வாய்க்கிழமை வாங்க, வாத்து நல்லா இருக்கும்.”

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். சில்வியானுக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. கேட்காமலே இன்னொரு கீர் வந்தது. அதற்கும் ஒரு வரலாறு இருந்தது.

“ரெஜிஸ், நீயாவது அந்த ஆளப் போகச் சொல்லேன்!”

“பாவம், அவரு வேலைய அவரு பாக்குறாரு” என்றான் ரெஜிஸ். முட்டையைத் தொடவேயில்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். “அந்த நீலக் கவுன்தான உடுத்தியிருக்க? நல்லா இருக்கு.”

இது ஒன்றுதான் குறைச்சல். கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவள் மறுபடி மூச்சை இழுத்தாள்.

சக்கரம் கிறீச்சிட சீஸ் வண்டி வந்து அவர்கள் நடுவில் நின்றது. ஒவ்வொரு சீஸுக்கும் சர்வர் ஜாதகம் வாசித்தார்: எந்தப் பசு, எந்த மலை, எந்தப் புல். ஒருவழியாக முடித்தாரே என்று அவள் நிமிர்ந்தால், வீட்டில் ஒரே ஒரு சீஸைத் தவிர வேறெதையும் தொடாத ரெஜிஸ் விரலை நீட்டினான்.

“அதோ, அந்த மூலையில இருக்கே, அது என்ன?”

ஜாதகம் மறுபடி ஆரம்பமாயிற்று. வண்டி நகர்ந்ததும் ரெஜிஸ் எழுந்தான். “கை கழுவிட்டு வந்துடுறேன்” என்றான்.

அவன் தலை மறைந்ததும் சில்வியான் விறுவிறுவென்று மதுமேடைக்குப் போனாள்.

“வந்ததுலேர்ந்து பாக்குறேன். மத்த மேசையில எல்லாம் தட்ட வச்சிட்டுப் பேசாமப் போயிடுறீங்க. நான் வாயத் திறந்தா மட்டும் மூக்குல வேர்த்த மாதிரி ஓடி வர்றீங்க! ஒரு பொம்பள தன் புருஷன்கிட்ட நாலு வார்த்தை பேசக் கூடாதா? கூப்பிடுங்க உங்க முதலாளிய!”

சர்வரின் முகம் விழுந்துவிட்டது. துடைத்துக்கொண்டிருந்த கோப்பையை மெல்லக் கீழே வைத்தார். ரெஜிஸ் போன பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

“முதலாளி வரைக்கும் போகாதீங்க மதாம். என் வாழ்நாள்ல யாருக்கும் இப்படி நான் செஞ்சதில்ல. எனக்கே கூச்சமாத்தான் இருந்துச்சு.”

“அப்புறம் ஏன் செஞ்சீங்க?”

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“‘விட்டுட்டுப் போறேன்னு சொல்லத்தான் வர்றா, சாப்பிட்டு முடிக்கிற வரைக்குமாவது சொல்ல விடாதீங்க’ன்னு உங்க வீட்டுக்காரர்தான் கெஞ்சினாரு மதாம்.”