கைகட்டி

என் மைத்துனன் சொல்லும் இந்தக் கதையை நம்பவும் முடியாமல், தள்ளவும் முடியாமல் பல வருஷமாகத் தவித்திருக்கிறேன்.

கதை என் மகனைப் பற்றியது.

சின்ன வயதிலிருந்தே அவன் கை சும்மா இருக்காது. பக்கத்து வீட்டு மிக்ஸியைக்கூடக் கழற்றிச் சரி பண்ணாமல் விட்டதில்லை. படிப்பு முடிந்ததும் ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்து, கடல் தாண்டி ஒரு வறண்ட ஊருக்கு அடிபம்பு போடப் போனான். திட்டம் முடிந்தது. ஆபீஸைப் பூட்டிவிட்டு எல்லோரும் திரும்பி வந்துவிட்டார்கள்.

சில வருஷம் கழித்து, தையல் மெஷின் வியாபாரத்துக்காக அந்தப் பக்கம் போன மைத்துனன், அந்த ஊரையும் பார்த்துவிட்டு வந்தான். அன்றிலிருந்து என் மகனுக்கு 'கைகட்டி' என்று பேர். வீட்டில் நாலு பேர் கூடினால் இதுதான் பேச்சு.

போன வாரம் புது மருமகன் சாப்பிட வந்திருந்தார். மைத்துனன் விடுவானா?

"மாப்பிள்ளை, நம்ம கைகட்டி பார்த்த உத்தியோகம் தெரியுமா உங்களுக்கு?"

"போதும்டா, எத்தனை தடவை!" என்றாள் என் மனைவி.

"நீ சும்மா இரு அக்கா. மாப்பிள்ளை, வெயில்னா வெயில் அப்படி ஒரு வெயில். கார்லேருந்து இறங்கி, மூஞ்சியைக் கழுவி, வயிறு முட்டத் தண்ணியைக் குடிச்சிட்டு நிமிர்றேன். எதிர்ல இவங்க ஆபீஸ். பூட்டு துருப்பிடிச்சுத் தொங்குது. அங்க நின்ன ஒரு அம்மாகிட்ட இவன் போட்டோவைக் காட்டினேன். 'அட, இவரா!'ன்னு ஒரே சிரிப்பு."

"ஏன், என்ன சொன்னாங்க?"

"டிரைவர்தான் கேட்டுச் சொன்னான். 'பம்பு நின்னா ஓடி வருவாரு. வந்து, கையைப் பின்னால கட்டிக்கிட்டு நிப்பாரு. ஸ்பேனரைத் தொடக்கூட மாட்டாரு. நாங்க பொம்பளைங்கதான் கழட்டி, தப்பா மாட்டி, மறுபடியும் கழட்டிச் சாவோம். இவரு பார்த்துக்கிட்டே இருப்பாரு'ன்னாங்களாம். எப்படி? சும்மா நின்னதுக்குச் சம்பளம், அதுக்கு விமான டிக்கெட் வேற!"

மருமகன் வாய்விட்டுச் சிரித்தார். மகன் தட்டைப் பார்த்துச் சிரித்தான்.

என் தலை வழக்கம்போலக் குனிந்தது. மைத்துனன் கயிறு திரிக்கிறானா? இல்லை, பெற்ற பிள்ளையை எனக்குத்தான் தெரியவில்லையா?

இத்தனை நாளாகக் கேட்கப் பயந்ததை அன்று கேட்டேவிட்டேன்.

"ஏன்டா, இதெல்லாம் நிஜமா?"

"நிஜம்தான்பா. ஸ்பேனரைப் பார்த்தாலே கை பரபரக்கும். கட்டிக்கலேன்னா நானே சரி பண்ணிடுவேனே."

தட்டை எடுத்துக்கொண்டு கை கழுவப் போய்விட்டான்.

"பார்த்தீங்களா அத்தான், அவனே ஒத்துக்கிட்டான்!" மைத்துனன் தொடையைத் தட்டினான்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வருஷக்கணக்காகக் காதில் விழுந்துகொண்டிருந்த ஒன்று, அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

"அது இருக்கட்டும் மச்சான். இவங்க எல்லாரும் மூட்டை கட்டிக்கிட்டு வந்து எத்தனையோ காலம் கழிச்சுத்தானே நீ அங்க போனே? மூஞ்சி கழுவினேன், வயிறு முட்டக் குடிச்சேன்னு சொல்றியே... அந்தத் தண்ணி எங்கேருந்து வந்துச்சு?"