அத்திப்பழத்தை எங்கே கிழிப்பது?

மலைப்பாதையின் ஒன்பதாவது வளைவில் இருந்த கட்டைச்சுவரிலேயே பிறந்து வளர்ந்தவன் சடையன் குரங்கு. கார்கள் நிற்கும், சிப்ஸ் பொட்டலம் வரும். கிழிப்பான், தின்பான், தாளை அங்கேயே போட்டுவிடுவான்.

ஊரெல்லாம் கொரோனா என்று அடிவாரத்திலேயே வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். சடையன் நான்கு நாளாக ஹாரன் சத்தத்துக்குக் காது கொடுத்தபடி, வயிறு ஒட்டிப்போய் உட்கார்ந்திருந்தான்.

எதிர் மரத்து மலையணில் செம்பிக்கு மனசு கேட்கவில்லை. ஓர் அத்திப்பழத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். சடையன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எங்கே கிழிப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

செம்பி சிரிக்கவில்லை. "அப்படியே கடிங்கண்ணே," என்றாள்.

அன்றிலிருந்து அவனுக்கு மரத்தில்தான் சாப்பாடு.

"இனிமே அந்தக் கார்க்காரங்க வரவே வேணாம்மா. குப்பையும் இல்ல, நோயும் இல்ல," என்றான் ஒருநாள்.

"வரட்டும்ணே. ஆனா விருந்தாளிக்கு வீட்டுக்காரங்கதானே சாப்பாடு போடணும்? நாம அவங்க கையையே பார்த்துட்டு இருந்தா எப்படி?"

சடையன் செம்பியை மேலும் கீழும் பார்த்தான். இத்தனூண்டு உடம்புக்குள் இவ்வளவு பெரிய மனசா!

மாதங்கள் கழித்து முதல் கார் வந்து நின்றது. முகக்கவசம் போட்ட ஒருவர் இறங்கி, சிப்ஸ் பொட்டலத்தை நீட்டினார். சடையன் அதைத் தொடவில்லை. நல்ல பழமாக ஒன்றைச் சுவர்மேல் வைத்துவிட்டுக் கிளைக்கு ஏறிக்கொண்டான்.

அவர் பழத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

சடையன் சிரிக்கவில்லை.

"மாஸ்க்கைக் கழட்டிட்டு அப்படியே கடிங்க சார்," என்றான்.