கடைசியாகக் கேட்டது

அந்த மருத்துவக் கல்லூரியில் சாவுச் செய்தி சொல்வதற்கும் மதிப்பெண் உண்டு. நோயாளியின் மனைவியாக நடிக்க வெளியிலிருந்து ஒரு நடிகை வருவாள். அவளிடம் பக்குவமாகச் சொல்லிப் பழக வேண்டும்.

மாணவி உள்ளே நுழைந்தபோது ஒரு பெண் வந்து உட்கார்ந்திருந்தாள். பேராசிரியர் வருவதற்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிடலாம் என்று மாணவி அவளுக்கு எதிரே அமர்ந்தாள்.

"மனச தைரியப்படுத்திக்கோங்கம்மா. எவ்வளவோ பார்த்தோம். உங்க வீட்டுக்காரர் தவறிட்டாரு." உருக்கமாக இருக்கட்டுமே என்று சொந்தமாகவும் ஒன்றைச் சேர்த்தாள். "கடைசியா அவரோட கண்ணாடியத்தான் கேட்டாரு."

அந்தப் பெண் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்து போனாள். என்னமாய் நடிக்கிறாள்!

அடுத்த நிமிடமே இன்னொருத்தி மூச்சிரைக்க வந்தாள். "நடிக்க வரச் சொன்னது இங்கதானே? வீட்டுக்காரர் வண்டி பஞ்சர், அதான் லேட்டு. கீழதான் நிக்கிறாரு."

அப்படியென்றால் முதலில் வந்தவள் யார்? பக்கத்துக் கட்டடத்தில்தான் தீவிர சிகிச்சைப் பிரிவு. மாணவி ஓடினாள். வாசலில், கைப்பையோடு அதே பெண் அழுதுகொண்டிருந்தாள்.

"நல்லா தேறிட்டு வந்தவரு, இப்பத்தான் திடீர்னு போயிட்டாரு" என்றாள் நர்ஸ். "சொல்லலாம்னு வெளிய வந்தா, இவங்க முன்னாடியே அழுதுட்டு நிக்கிறாங்க."

"கடைசியா ஏதாவது கேட்டாரா?"

"கண்ணாடி எங்கன்னு கேட்டாரு."

மாணவி எப்படித் திரும்பி வந்தாளோ, அவளுக்கே தெரியாது. பேராசிரியர் மதிப்பெண் போடத் தயாராக இருந்தார். நடிகை முகத்தில் கவலையை வரவழைத்துக்கொண்டாள்.

"டாக்டர், என் வீட்டுக்காரர் எப்படி இருக்காரு?"

மாணவி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.