எனெய்தா பார்த்த சிறகு

போர்ட்டோ ரிக்கோ மலைச்சரிவில், மோஞ்சோவின் பட்டியில் மூன்று ஆடுகள் கழுத்தில் ஓட்டையோடு செத்துக் கிடந்தன. ஊரே கூடிவிட்டது.

"நாய் வேலைதான். எந்த நாய்னு தெரியட்டும், இன்னிக்கே சுட்டுடறேன்" என்றான் துப்பாக்கியோடு வந்த சாகோ.

"நாயில்ல. ரத்தம் குடிக்கிற சுபகாப்ரா. நான் பார்த்தேன்" என்றாள் பக்கத்து வீட்டு எனெய்தா. மகனைப் புதைத்த இந்த ஒரு மாதத்தில் அவள் வாய் திறந்தது இதுதான் முதல் தடவை. வாழைத்தார் விலை சொல்வதுபோல் சொன்னாள். முகத்தில் ஒன்றுமில்லை.

"எவ்ளோ உயரம்க்கா?" என்றான் சாகோ.

"நாலடி."

"டிவியில மூணடின்னாங்களே!"

"சரி, மூணரைன்னு வச்சுக்கோ. செவப்புக் கண்ணு. சிறகும் இருந்துச்சு."

சிறகு என்றதும் கூட்டத்துக்கு நாய் மறந்தே போனது. சாகோ சிலுவைக்குறி போட்டுக்கொண்டு, எல்லோரையும் திரட்டிக்கொண்டு அதைத் தேடிக் காட்டுக்குள் ஓடினான்.

ஆடுகளைப் பறிகொடுத்த மோஞ்சோ மட்டும் பின்தங்கி, அவளருகே வந்தான்.

"ரேடியோக்காரன் வந்து கேட்டாலும் சிறகுன்னே சொல்லுங்கக்கா, மாத்திடாதீங்க. உங்க பையன் வளர்த்த நாயை மட்டும் இனிமே கட்டிப் போட்டுடுங்க. அது வாயில இருந்த ரத்தத்தை விடியறப்பவே நான் கழுவி விட்டுட்டேன்."